சைட்போர்டு கட்டும்போது எது வெளியே போகும் என்று முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் வார இறுதிப் போட்டிகளுக்குப் போகிற எங்கள் கூட்டத்தில் யாராவது புதிதாகச் சேர்ந்தால், பாப்பரில் ஆரம்பிக்கத்தான் சொல்வோம். மேஜிக் த கேதரிங் விளையாட்டில், காமன் என்ற சாதாரண தரத்தில் ஒரு தடவையாவது வெளியான கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் வகை அது. 2019ல்தான் நேரில் ஆடுவதற்கும் கணினியில் ஆடுவதற்கும் ஒரே விதி வந்தது. பழைய கார்டுகளும் புழங்கும் லெகசி வகை ஆடுகிறவர், பழைய டூயல் லேண்ட் என்ற ஒரே ஒரு கார்டுக்குக் கொடுக்கிற காசில் இங்கே முழு டெக்கையே, அதாவது ஆடுவதற்கான மொத்தக் கார்டுக் கட்டையே, கட்டிவிடலாம். காலேஜ் படிக்கிற பிள்ளையும் சம்பளக்காரரும் சமமாக உட்கார்ந்து ஆட முடிகிறது. எனக்கு இந்த வகைமேல் இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

சமீபத்தில் ஒரு நண்பர் நீலமும் சிவப்பும் கலந்த டெக் ஒன்றைக் கட்டி எடுத்துவந்தார். எண்ணிப் பார்த்தால் 63 கார்டு. "மூணுமே நல்ல கார்டு, எதையும் எடுக்க மனசு வரல" என்றார். விதிப்படி தப்பில்லை, 60க்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 கார்டு டெக்கில் நான்கு பிரதி வைத்திருக்கும் கார்டு, ஆரம்பத்தில் எடுக்கும் ஏழு கார்டில் ஒன்றாவது கைக்கு வர 40 சதவீத வாய்ப்பு. 63 ஆனால் அது 38 சதவீதம். ரெண்டு சதவீதம்தானே என்று தோன்றும். அந்த ரெண்டைவிட முக்கியமான விஷயம் வேறு: டெக்கில் இருப்பதிலேயே பலவீனமான மூன்று கார்டு எதுவோ அதுதான் 61, 62, 63. லைட்னிங் போல்ட் மாதிரி நல்ல கார்டு வரவேண்டிய டர்னில் அதில் ஒன்று வந்து உட்காரும்.

நல்ல கார்டாகச் சேர்த்தால் நல்ல டெக் ஆகிவிடும் என்ற நம்பிக்கை 1996லேயே ஆட்டம் கண்டுவிட்டது. அட்லான்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் சிவப்பு டெக் ஒன்றோடு இரண்டாம் இடம் பிடித்தார். டெக்கை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். அதில் அயர்ன்கிளா ஆர்க்ஸ் மாதிரி யாரும் திரும்பிப் பார்க்காத கார்டுகள் இருந்தன: இரண்டு மேனாவுக்கு (லேண்ட் கார்டுகள் தரும், மற்ற கார்டுகளைப் போடச் செலவாகும் சக்தி) 2/2, அதாவது தாக்கும் பவர் 2, தாங்கும் பலம் 2 உள்ள கிரீச்சர், அதுவும் பவர் 2 அல்லது அதற்கு மேல் உள்ள கிரீச்சரை பிளாக் செய்ய முடியாது. ஆனால் ஒன்றாவது டர்னில் ஒரு மேனா, இரண்டாவதில் இரண்டு என்று ஒவ்வொரு டர்னிலும் மேனா வீணாகாமல் செலவாகும்படி எண்ணிக்கை போட்டிருந்தார்கள். இன்று நாம் எல்லாரும் பேசுகிற மேனா கர்வ் அங்கிருந்து வந்த பாடம்தான்.

சரி, நண்பரின் டெக்குக்கு வருவோம். மூன்று கார்டை எடுத்துவிட்டு லேண்டுகளைப் பார்த்தோம். நீல மேனா தரும் ஐலண்ட் ஒன்பது, சிவப்பு மேனா தரும் மவுன்டன் ஒன்பது. டெக்கில் எதிராளியின் கார்டைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் நான்கு, அதற்கு இரண்டு நீல மேனா வேண்டும். நெதர்லாந்து ஆட்டக்காரரும் கணிதக்காரருமான ஃபிராங்க் கார்ஸ்டன் இதற்கெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். முதல் டர்னில் ஒரு நிற மேனா நம்பகமாகக் கிடைக்க அந்த நிறம் தரும் லேண்ட் 14 வேண்டும். இரண்டாவது டர்னில் அதே நிறத்தில் இரண்டு என்றால் ஏறக்குறைய இருபது வேண்டும். ஒன்பது ஐலண்ட் எந்த மூலைக்கு? சிவப்பில் ஒற்றை மேனா கார்டுகளை மட்டும் விட்டுவைத்தோம். மவுன்டனைக் குறைத்து, இரண்டு நிறமும் தரும் வாலட்டைல் ஃபியோர்டை நான்கு போட்டோம். அது டேப் ஆகித்தான், அதாவது பக்கவாட்டில் திரும்பி அந்த டர்னில் மேனா தராமல்தான், இறங்கும், அதனால் முதல் டர்ன் கொஞ்சம் மெதுவாகும். அது பரவாயில்லை.

இதுவரை சொன்னது யாரும் சொல்லித் தருவதுதான். நான் முக்கியமாகப் பகிர நினைத்தது சைட்போர்டு பற்றி, அதாவது முதல் கேம் முடிந்ததும் எதிராளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள மெயின் டெக்குக்கு வெளியே வைத்திருக்கும் 15 கார்டு பற்றி.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒரு அண்ணன். யார் டெக் காட்டினாலும் அவர் மெயின் டெக்கைத் தொடமாட்டார். நேராக அந்த 15 கார்டை மேசையில் பரப்பச் சொல்வார். நண்பர் பரப்பினார்: சிவப்புக் கார்டைத் தடுக்கும் ஹைட்ரோபிளாஸ்ட் நான்கு, நீலக் கார்டைத் தடுக்கும் பைரோபிளாஸ்ட் நான்கு, ஆர்ட்டிஃபேக்ட்டை உடைக்கும் ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் மூன்று, சின்னக் கிரீச்சர்களைக் கொல்லும் எலெக்ட்ரிக்கரி இரண்டு, ஆடி முடித்த கார்டுகள் போய்ச் சேரும் கல்லறையைக் காலி செய்யும் ரெலிக் ஆஃப் ப்ரொஜெனிடஸ் இரண்டு. பார்க்க லட்சணமான சைட்போர்டு. அண்ணன் கேட்டார்: "தம்பி, உள்ள என்ன வரும்னு எல்லாருமே சொல்லிருவாங்க. வெளிய எது போகும்னு சொல்லு."

ஒரு நோட்டுத் தாளில் அந்தக் கடைக்கு வழக்கமாக வரும் டெக்குகளை இடது ஓரமாக எழுதினார்: சிவப்பு, அஃபினிட்டி, எல்ஃப்ஸ், டிரான், நீல ஃபேரீஸ். ஒவ்வொன்றுக்கும் எதிராக, சைட்போர்டு மாற்றிய பிறகு இருக்கவேண்டிய முழு 60 கார்டையும் எழுதச் சொன்னார். அங்கேதான் வண்டவாளம் வெளியே வந்தது. சிவப்புக்கு எதிராக உள்ளே வர ஒன்பது கார்டு வரிசையில் நிற்கின்றன. வெளியே போகத் தகுந்தவை ஐந்துதான். அதாவது நான்கு கார்டு அந்த ஆட்டத்தில் சும்மா பெட்டிக்குள்ளேயே கிடக்கும். டிரானுக்கு எதிராக நேர் மாறு. மூன்று ஊர்ஸா லேண்டும் சேர்ந்தால் ஏழு மேனா தரும் டெக் அது, ஆரம்பத்தில் கொல்லுவதற்குக் கிரீச்சரே இருக்காது. நம் டெக்கில் சின்னக் கிரீச்சரைக் கொல்ல வைத்திருந்த எட்டு கார்டும் வெறும் காகிதம். உள்ளே வர இருப்பது நான்கு பைரோபிளாஸ்ட்.

தாள் முழுக்க எழுதி முடித்ததும் விடை தானாகத் தெரிந்தது. ஸ்மாஷை மூன்றிலிருந்து இரண்டாக்கினோம், எலெக்ட்ரிக்கரியில் ஒன்றைக் கழித்தோம். மெயின் டெக்கிலும் இரண்டு கார்டு மாறியது. சைட்போர்டைத் தனி மூட்டையாக நினைக்காமல் 75 கார்டையும் ஒரே டெக்காகப் பார்க்க வைத்ததுதான் அந்த அண்ணன் எங்களுக்குச் செய்த பெரிய உபகாரம்.

ஹைட்ரோபிளாஸ்டை மட்டும் நான்கிலிருந்து குறைக்க விடவில்லை. கணக்கு இதுதான்: 15 கார்டு பார்ப்பதற்குள் ஒன்றாவது வர, நான்கு பிரதி இருந்தால் 69 சதவீதம், இரண்டே இருந்தால் 44. வரவே வேண்டும் என்ற கார்டுக்கு நான்கு; வந்தால் நல்லது, இரண்டாவது வந்தால் சுமை என்ற கார்டுக்கு இரண்டு.

போட்டியில் இதை நானே நேரில் பார்த்தேன். சிவப்பு டெக்கோடு மூன்றாவது கேம். என் உயிர் 4. எதிரே இருந்தவரின் மவுன்டன் எல்லாம் டேப் ஆகிக் கிடந்தன, கையில் ஒரே கார்டு. என்னிடம் நல்ல கிரீச்சர் ஒன்று இருந்தது, இறக்கியிருந்தால் ஆட்டம் சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு ஐலண்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு டர்னை முடித்தேன். பக்கத்தில் நின்று பார்த்த தம்பி, "அண்ணே, அவர்கிட்டதான் மேனாவே இல்லையே" என்று ஆட்டம் முடிந்ததும் கேட்டான். அவர் செய்தது இதுதான்: டேப் ஆகிக் கிடந்த இரண்டு மவுன்டனை எடுத்துக் கல்லறையில் வைத்தார். ஃபயர்பிளாஸ்ட். மேனாவே வேண்டாம், இரண்டு மவுன்டனைப் பலி கொடுத்தால் போதும், 4 டேமேஜ். நான் ஐலண்டைத் திருப்பி ஹைட்ரோபிளாஸ்ட் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். அந்த ஐலண்டை விட்டுவைக்கத் தோன்றியதே சிவப்புக்கு எதிரான 60 கார்டையும் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருந்ததால்தான்.

பெரிய போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. டெக் லிஸ்ட் கொடுக்கும்போது 60ஐயும் 15ஐயும் இன்னொருவரை விட்டு எண்ணச் சொல்லுங்கள். லிஸ்ட்டும் டெக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு கேமே போய்விடக்கூடும். ஒரே ஒரு ஸ்லீவ் (கார்டு உறை) மட்டும் முனை மடங்கியிருந்தாலும் ஜட்ஜ் கேள்வி கேட்பார், புது ஸ்லீவ் கொஞ்சம் பையில் இருக்கட்டும். அப்புறம், ஒரு ரவுண்டுக்கு 50 நிமிடம்தான். மெதுவான டெக் ஓட்டுகிறவர்கள் கடிகாரத்தோடும் பழகவேண்டும்.

நண்பரின் சைட்போர்டில் அந்த இரண்டு இடம் இன்னும் முடிவாகவில்லை. ரெலிக்கை நான்காக்கலாம் என்கிறார் அவர். எல்ஃப்ஸ் இந்தப் பக்கம் கூடி வருவதால் எலெக்ட்ரிக்கரியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். நீலச் சிவப்பு ஓட்டுகிறவர்கள் எல்ஃப்ஸுக்கு எதிராக எதை வெளியே எடுக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.