'நம்ம சொந்தங்கள்' குழு: ஞாயிறு மதியம்

தீபா: கார்த்திக் அண்ணா, கார்னெல் வூல்ரிச் நாவலை முடித்துவிட்டேன். 'தி பிரைட் வோர் பிளாக்'. தூக்கம் போச்சு.

கார்த்திக்: முடிவைச் சொல்லித் தொலைக்காதே, சுமதி சித்தி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

சுமதி சித்தி: மூன்றாவது ஆளும் போய்விட்டான்ப்பா. அந்த மோரன். அவன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று அந்த மணப்பெண் பொய்த் தந்தி அடித்து அவன் பெண்டாட்டியை ஊருக்கு அனுப்புகிறாள். பையனின் டீச்சர் என்று உள்ளே வந்து சமைத்துப் போடுகிறாள். அப்புறம் கண்ணாமூச்சி ஆட்டம். ஒளிந்துகொள்ளப் போனவனை உள்ளேயே பூட்டிக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டாள்!

பத்மா அத்தை: ஐயோ, யார் வீட்டில்? யார் செத்தது?

தீபா: அத்தை, இது கதை 😂 1940-ல் வந்த அமெரிக்க நாவல். கல்யாணம் முடிந்து சர்ச் படியில் இறங்கும்போதே மாப்பிள்ளை செத்துவிடுகிறான். காரணம் இவர்கள்தான் என்று நினைக்கிற ஒவ்வொருவனையும் அந்த மணப்பெண் ஜூலி தேடிப் போய்க் கொல்கிறாள். ஒருவனை மாடியிலிருந்து தள்ளி, ஒருவனுக்கு விஷம் வைத்து...

ராகவன் மாமா: சரியாகத்தானே செய்கிறாள்? கோர்ட்டுக்குப் போனால் வாய்தாவிலேயே ஆயுசு போயிருக்கும்.

கார்த்திக்: மாமா, உங்களை அப்படிச் சொல்ல வைப்பதுதான் வூல்ரிச்சின் வேலையே. ஏன் கொல்கிறாள் என்பதைக் கடைசிவரை மறைத்துவிடுகிறார். காரணம் தெரியாமலேயே அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

சுமதி சித்தி: முடிவைச் சொல்லுங்கள். தெரிந்தால்தான் எனக்கு நிம்மதியாகப் படிக்க வரும்.

தீபா: நீங்களே கேட்டீர்கள், அப்புறம் திட்டக்கூடாது. அவர்களில் ஒருவனுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. சுட்டவன் வேறொருத்தன், மாப்பிள்ளையின் பழைய கூட்டாளி. கதைக்குள்ளேயே வந்து போகிறான்.

ராகவன் மாமா: அடப்பாவி.

கார்த்திக்: 1968-ல் இயக்குநர் த்ரூஃபோ இதைப் பிரெஞ்சில் படமாக எடுத்தார், ஜூலியாக நடிகை ழான் மோரோ நடித்தது. அதில் அந்த ஆட்கள்தான் விளையாட்டாகத் துப்பாக்கியைக் கையாண்டு மாப்பிள்ளையைச் சாகடிக்கிறார்கள். அங்கேயே நாவலின் முதுகெலும்பு போய்விட்டது என்பேன்.

தீபா: படத்தில் ஒரு இடம் எனக்குப் பிடிக்கும். மோரன் கொலைக்கு உண்மையான டீச்சரைப் பிடித்துவிடுவார்கள். இவளே போலீசுக்குப் போன் போட்டு, அந்தப் பெண் இல்லை என்று சொல்லுவாள். நிரபராதி மாட்டிக்கொண்டால் இவளுக்கே பொறுக்காது!

பத்மா அத்தை: கண்ணகியும் புருஷனுக்காகத்தான் எரித்தாள். ஆனால் முதலில் சபையில் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டினாள். பாண்டியனே தன் தவறு என்று ஒத்துக்கொண்டான். இவள் யாரிடம் எதைக் காட்டினாள்?

கார்த்திக்: அத்தை 👏 யாரிடமும் இல்லை. விசாரணை, தீர்ப்பு எல்லாம் அவள் தலைக்குள்ளேயே முடிந்துவிட்டது.

ராகவன் மாமா: மதுரையில் எரிந்த வீட்டுக்காரன் எல்லாம் என்ன குற்றம் செய்தானாம்?

பத்மா அத்தை: பசு, குழந்தை, வயசானவர்களை விட்டுவிடு என்று அக்கினியிடம் சொன்னாளே! சரி, அந்த மோரன் பையன் என்ன ஆனான்?

தீபா: போலீஸ் விசாரிப்பதே அவனைத்தான் அத்தை. வந்த டீச்சர் எப்படி இருந்தாள் என்று.

சுமதி சித்தி: இனி நான் நாலாவது ஆளைப் படிக்க வேண்டுமா, வேண்டாமா?

தீபா: படியுங்கள் சித்தி. அவன் ஓவியன். அம்போடு நிற்கும் வேட்டைத் தெய்வமாக இவளை வரைகிறான். அம்பு அவள் கையில்.

ராகவன் மாமா: புத்தகத்தை அடுத்து எனக்குக் கொடுங்கள். தமிழில் இருக்கிறதா?

கார்த்திக்: என்னிடம் இங்கிலீஷ்தான் மாமா. எழுத்துப் பொடிசு, கண்ணாடியோடு உட்காருங்கள்.