ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் நடுவில்: சுங்கை சிப்புட் அனுபவங்கள்

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியை:

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைத் தாண்டி ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். நான் இடைநிலைப்பள்ளியில் இருப்பதால் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட் ஊரைச் சுற்றித் தோட்டங்கள்தான். எல்பில், டோவன்பி, ஹேவுட் என்று தோட்டத்துப் பேரைச் சொன்னாலே இது யார் வீட்டுப் பிள்ளை என்று பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், காலியாகி, நிறையப் பேர் டவுன் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிகிற வரைக்கும் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை, ஏனென்றால் தலைமையாசிரியருக்கு அவன் பாட்டியைத் தெரியும், கேண்டீன் அக்காவுக்கு அவன் பசியாறாமல் வந்திருப்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். இடைநிலைப்பள்ளியின் முதல் வருஷமான படிவம் ஒன்றுக்கு வரும்போது, அல்லது மலாய்மொழியில் தேறாமல் அதற்கு முன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்காரும்போது, இதெல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகிறது. பெரிய பள்ளி, கடைசி வகுப்பு, பேரைச் சரியாகக் கூப்பிடக்கூட ஆள் கிடையாது. நம் பையன்கள் தொலைகிற வருஷம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் யாராவது வந்து தோளில் கைபோட்டு "நீ எங்க ஆளுடா" என்றால் பையன் போய்விடுவான். அப்படிச் சொல்கிறவர்கள் பள்ளிக்கு வெளியே தயாராக நிற்கிறார்கள். 2013ல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அதில் வந்த 04, 08, 36 என்ற கும்பல் பேர்கள் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டியல் வருவதற்கு முன்பே மனப்பாடம்.

புகுமுக வகுப்பில் ஒரு பையன், மணிக்கட்டில் பேனாவால் அப்படி ஒரு நம்பர் எழுதிக்கொண்டு வருவான். கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்பினால் பிரம்படி, அப்புறம் பெற்றோருக்குக் கடிதம், அதோடு சரி. அவனுக்கு என்ன வரும் என்று அவன் கூட்டாளிகளிடம் விசாரித்தேன். கோயில் திருவிழாக்களில் உறுமி வாசிக்கிற குழுவில் இருக்கிறான் என்றார்கள். பள்ளியில் உறுமி என்றாலே முகம் சுளிப்பார்கள், ரௌடித்தனம் என்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக நடக்காது. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு வைக்க வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு அந்த வருஷம் ஆள் குறைந்தது. அவனிடம் நேராகப் போய், "நீ வந்தாத்தான் இந்த வகுப்பு நிக்கும், உன்னோட உறுமிக் கூட்டாளிகளையும் கூட்டிட்டு வா" என்றேன். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பள்ளியில் அவனிடம் யாரும் ஒன்றையும் கேட்டுப் போனதில்லை போலிருக்கிறது. மறுவாரம் இன்னும் சிலரை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். அவர்கள் அப்பா அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கியதும் அவன்தான்.

ஒருநாள் உறுமியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தால் உறுமும், மறுபக்கம் மெல்லிய குச்சியால் அடிக்க வேண்டும், இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும் என்று அவனே எழுந்து நின்று காட்டினான். குச்சியை எப்படி வளைப்பது, மழை நாளில் தோல் தொய்ந்துபோனால் என்ன செய்வது, பம்பையும் தவிலும் எந்த இடத்தில் சேரும் என்று பேசிக்கொண்டே போனான். அதை அப்படியே கட்டுரையாக எழுதச் சொன்னேன். எழுத்துப்பிழை மண்டிக் கிடந்தாலும் அந்தக் கட்டுரையில் சொல்ல விஷயம் இருந்தது, பிழையைத் திருத்த அவனே திரும்பத் திரும்ப வந்தான்.

அதற்குப் பிறகு எல்லாரையும் வீட்டிலிருக்கும் பழைய தோட்டப் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி வந்தது, பால் பிடிக்கும் மங்கு வந்தது, ஒரு பிள்ளை பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தொடங்கிய சங்கம் அது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், பால் வெட்டிய சனங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி, 1961ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில், "எங்க பாட்டியுமா டீச்சர்?" என்று கேட்டார்கள். ஆமாம், உங்கள் பாட்டியும்தான். 'கூலிக்காரன் பேரன்' என்று கேலி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது தெரிந்தே ஆக வேண்டும், பாடநூலில் இருக்கிறதோ இல்லையோ.

அந்த உறுமிப் பையன் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். உட்கார்ந்தான். தமிழில் கிரெடிட் வாங்கினான், மற்றது சுமார்தான். இப்போது ஏர்கோன் பொருத்தும் வேலை பழகுகிறான், வாரக் கடைசியில் உறுமி. நம்பர் விட்டுப்போனதா என்று நான் கேட்டதில்லை. மணிக்கட்டில் இல்லை, அது மட்டும் தெரியும்.

தோட்டத்தில் பிறந்தவர், இப்போது ஈப்போவில்:

டீச்சர் சொன்ன அந்தப் புகுமுக வகுப்பில் நானும் இருந்தவன். என்னைத் தூக்கிவிட்டது ஸ்ரீ முருகன் நிலையம். வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா 1982ல் ஆரம்பித்தது, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வாரக் கடைசியில் டியூஷன், சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். கணக்கு வந்ததை விட எனக்குப் பெரிதாகப் பட்டது, கணக்கு சொல்லித்தந்த அண்ணனும் லயத்து வீட்டிலிருந்து வந்தவர் என்பது. அவர் அம்மாவும் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர். அதுவரைக்கும் பல்கலைக்கழகம் என்றால் வேறு ஜாதி மனிதர்கள் போகிற இடம் என்றுதான் எனக்கு எண்ணம். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போனபோது, என்னை மாதிரியே புத்தகப் பையோடு அவ்வளவு பிள்ளைகளையும் ஒரே இடத்தில் பார்த்தேன், அந்தப் படிகளில் நிற்கும்போது அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஒரு மனக்குறை, சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் விழாக்களில் மேடையேற்றி மாலை போடுவதெல்லாம் நிறைய 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும்தான். என் தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. மோட்டார் எஞ்சினைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான். அவனுக்கு ஒரு மேடையும் இல்லை, படிவம் மூன்றோடு நின்றுவிட்டான். சிலாங்கூர் காலும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் நடத்துகிற மாதிரி, பள்ளியை விட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துக் கைத்தொழில் சொல்லித்தருகிற இடம் ஒன்று இருப்பது அன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் தெரிந்திருந்தால் அவன் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆசிரியர்கள் இந்த இடங்களின் பேரையாவது பெற்றோரிடம் சொல்லுங்கள். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு யாரும் வந்து சொல்வதில்லை.

தமிழ்ப்பள்ளியில் பணி ஓய்வு பெற்றவர்:

இருவரும் எழுதியதைப் படித்தேன், நல்லது. எனக்கு வேறொரு பிள்ளை நினைவுக்கு வருகிறாள்.

12 வயதானதும் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும் இல்லையா, ஆறாம் ஆண்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பதிவிலாகாவுக்குப் போய்வந்து அட்டையை எடுத்து மற்றவர்களிடம் காட்டிக்கொண்டிருப்பார்கள். போட்டோவில் யார் முழிக்கிறார்கள் என்று ஒரே சிரிப்பு. அந்த ஒரு பெண் மட்டும் ஓய்வு நேரத்தில் நூல்நிலையத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அம்மா தோட்டத்தில் பிறந்தவர், அவருடைய பிறப்பையே யாரும் பதியவில்லை. அப்பாவுக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருக்கிறது. ஆனால் இருவருக்கும் கல்யாணம் நடந்தது தோட்டத்து மாரியம்மன் கோயிலில், அதோடு விட்டுவிட்டார்கள். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியாகத்தான் பார்க்கப்படும், தாய்க்கே பத்திரம் இல்லையென்றால் பிள்ளை எங்கே போகும்? தாலி கட்டி, ஊரையே கூட்டிச் சோறு போட்ட கல்யாணம் அது, ஆனால் தாளில் இல்லை.

இந்தப் பிள்ளையிடம் போய் 'உன் இலட்சியம் என்ன' என்று கட்டுரை எழுதச் சொன்னால் என்ன எழுதுவாள்? வெற்றுத்தாளைத்தான் கொடுத்தாள். நான் அவள் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி ஏடு, பிரசவம் பார்த்த ஆயா, கல்யாணத்தைப் பார்த்த சாட்சிகள் என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். பிள்ளைகளைச் சிறப்பு அதிகாரத்தில் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு வழிவிடும் அரசியலமைப்பின் 15A பிரிவின் கீழ் விண்ணப்பம் போட்டோம், பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் படிப்பை நிறுத்தவில்லை, இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். எங்களோடு கவுண்டரில் நின்று நின்று, எந்தப் பாரத்துக்கு எந்த நகல் வேண்டும் என்று அவளுக்கே அத்துப்படி. அவள் குடியிருக்கும் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு அவள்தான் பாரம் பூர்த்தி செய்து கொடுக்கிறாள். வக்கீல் ஆக வேண்டும் என்று போன மாதம் என்னிடம் சொன்னாள்.

தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு எடுக்கிற டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கும்போதே பிறப்புப் பத்திரத்தை வாங்கி, தகப்பன் பேர் இருக்கிறதா, குடியுரிமை இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், பிள்ளை முன்னால் வேண்டாம். ஆறாம் ஆண்டு வரைக்கும் விட்டால், தேட வேண்டிய சாட்சிகள் பாதிப் பேர் இறந்துபோயிருப்பார்கள். ஈப்போ பக்கம் இந்த வேலையைச் செய்து பழகியவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், எங்கள் பகுதியில் இன்னும் சில குடும்பங்கள் காத்திருக்கின்றன.