சரவணனின் குதிகால்

குழு: மேலூர் வீட்டுச் சொந்தங்கள்

மேலூர் சித்தப்பா (காலை 7:12): சரவணன் மீன்பிடி போட்டில் விழுந்துவிட்டானாம். இப்போதுதான் மண்டபம் கரைக்கு வந்திருக்கிறார்கள். குதிகால் இரண்டும் வீங்கியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்கிறான். பஸ் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

பெரியம்மா (7:14): அழகர்தான் காப்பாற்றினார். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15க்கு அப்புறம் போன பிள்ளை, ஒரு மாதம்கூட ஆகவில்லையே.

ரவி அண்ணன் (7:15): கடலில் விழாமல் போனானே, அதுவரைக்கும் சரி.

சரவணன் (7:21): நான்தான். ராத்திரி இரண்டாவது பாடு, அதாவது இரண்டாம் தடவை வலை இழுப்பு. விஞ்சில் வலையை ஏற்றி, மீன் சேரும் பையான மடியை அவிழ்த்தோம். தளம் முழுக்க மீனும் சேறும் சொறிமீனும் (ஜெல்லி மீன்). ஐஸ் அறை மூடியைக் கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன், சொறிமீன் மேல் கால். வழுக்கி நேரே அறைக்குள். ஆள் உயரத்துக்கு மேலே ஆழம். நின்ற வாக்கிலேயே ஐஸ் மேல் போய் இறங்கினேன்.

மேலூர் சித்தப்பா (7:22): நம் ஊரில் கிணற்றுக்குக்கூடக் கைப்பிடிச் சுவர் வைக்கிறோமேடா.

சரவணன் (7:23): கூடைக்கு ஒரு தடவை மூடித் திறந்தால் வேலை ஓடாதுப்பா.

கவிதா அக்கா (7:24): நின்ற வாக்கிலா? முதுகு எப்படி இருக்கிறது?

சரவணன் (7:25): லேசாகப் பிடிக்கிறது அக்கா. கக்கத்தில் கை கொடுத்து மேலே இழுத்தார்கள், அதனால் இருக்கும்.

கவிதா அக்கா (7:29): சித்தப்பா, பஸ் வேண்டவே வேண்டாம். உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுந்தால் அடி குதிகாலோடு நிற்காது. கால் வழியாக ஏறி முதுகெலும்பை அமுக்கிவிடும். தென்னையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து குதிகால் உடைந்து வருகிறவர்களுக்கு எங்கள் வார்டில் முதுகையும் சேர்த்துத்தான் படம் எடுப்பார்கள். குதிகால் வலி உயிர் போகிற வலி. அதில் முதுகு வலியை ஆளே மறந்துவிடுவான்.

கவிதா அக்கா (7:30): தம்பி, கால் விரல் எல்லாம் அசைகிறதா? தொடை இடுக்கில் மரத்த மாதிரி இருக்கிறதா? ஒன்றுக்குப் போனாயா?

சரவணன் (7:32): விரல் அசைகிறது. மரத்துப்போகவில்லை. போட்டிலேயே போனேன் அக்கா, குழுவில் இதையெல்லாம் கேட்கிறாயே.

கவிதா அக்கா (7:32): கேட்கத்தான் வேண்டும், முதுகு நரம்பில் அடி இருக்கிறதா என்று தெரிய. இப்போது எப்படி இருக்கிறாய்?

சரவணன் (7:33): ஏலக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கவிதா அக்கா (7:34): உட்காராதே. மல்லாக்கப் படு. 108க்குச் சொல்லுங்கள். வண்டியில் ஏற்றும்போது தோளையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. நாலு பேர் சேர்ந்து, கட்டையை உருட்டுவதுபோல் தலை, முதுகு, இடுப்பு ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். உடம்புக்குக் கீழே பலகை போகட்டும். முதலில் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி. மதுரையை அப்புறம் பார்க்கலாம்.

பெரியம்மா (7:36): நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டு, புத்தூர் கட்டு போட்டால் சரியாகிவிடாதா?

கவிதா அக்கா (7:36): அம்மா, படம் பார்க்கிறவரை யாரும் அவனைத் தொடக் கூடாது. நீவவே கூடாது.

பெரியம்மா (7:38): 🌹 இனிய காலை வணக்கம் 🌹

பெரியம்மா (7:38): தெரியாமல் கை பட்டுவிட்டது.

ரவி அண்ணன் (8:05): சித்தப்பா, மீனவர் விபத்துக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரைக்கும் உண்டு. நிரந்தர ஊனம் என்றால் இரண்டரை லட்சம், ஐந்து லட்சம் என்று போகும். அவன் பெயர் பதிந்திருக்கிறதா?

மேலூர் சித்தப்பா (8:09): மேலூர்க்காரனுக்கு மீனவர் அட்டை ஏது? கூலிக்குத்தானே போனான்.

ரவி அண்ணன் (8:10): அப்படியானால் முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் விழுந்தான் என்று போட் டிரைவரிடம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்குக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

மேலூர் சித்தப்பா (பகல் 1:48): படம் எடுத்தாயிற்று. வலது குதிகால் நொறுங்கியிருக்கிறது. இடதில் வெறும் வீக்கம்தான். முதுகில் எல்-1 என்று ஒரு எலும்பு அமுங்கியிருக்கிறதாம். கவிதா சொன்னது சரியாகிவிட்டது தாயி. நரம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். முதுகுக்கு பெல்ட், காலுக்கு வீக்கம் வடிந்தபிறகு ஆபரேஷன். சாயங்காலம் மதுரைக்கு அனுப்புகிறார்கள், படுத்தபடியே.

கவிதா அக்கா (1:50): சரி சித்தப்பா. நான் ட்யூட்டி மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

பெரியம்மா (1:53): அயிரை மீன் வாங்கிக் குழம்பு வைக்கவா சரவணா?

சரவணன் (1:58): மீன் வேண்டாம் பெரியம்மா. ரசம் போதும்.