கலர் கல் சிப்ஸும் வெள்ளை கல் சிப்ஸும் ஒரே ஹெச்எஸ் கோடுல (சரக்கு வகைக்கு கஸ்டம்ஸ்ல போடற நம்பர்) வருமா? தூத்துக்குடில சரக்கு நிக்குது

கோத்தகிரி_கட்டுமானம்:
வணக்கங்க. கோத்தகிரில கட்டுமான சாமான் கடை வெச்சிருக்கேன், ஜல்லி எம்சாண்ட் எல்லாம் கீழ மேட்டுப்பாளையத்துல இருந்து லாரில ஏத்திட்டு வர்றது தான், அதுல எனக்கு பழக்கம் இருக்கு. இப்ப ஒரு ரிசார்ட்காரங்க தோட்டத்துல பரப்ப வெள்ளை மார்பிள் சிப்ஸும் நீலம், பச்சை கலர் சிப்ஸும் கேட்டாங்கன்னு முதல் தடவையா வெளிநாட்டுல இருந்து இறக்கினேன். கஸ்டம்ஸ் புரோக்கர் எல்லாத்துக்கும் 2517னு ஒரே கோடா போட்டு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கற விவரப் படிவம்) ஃபைல் பண்ணிட்டாரு, "கல்லு தானே"ங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல, யாராச்சும் வெவரம் சொல்லுங்க.

துறைமுக_கணக்கு:
அண்ணே, 2517ங்கறது கான்கிரீட்டுக்கு, ரோட்டுக்கு, ரயில் தண்டவாளத்துக்குப் போடற ஜல்லி, கூழாங்கல்லுக்கான தலைப்பு (கோடோட முதல் நாலு நம்பர்), மார்பிள் கிரானைட் சிப்ஸும் பவுடரும் அதுலயே தான் வரும், வெள்ளை மார்பிள் சிப்ஸுக்கு 2517 41. உடைச்சது, சலிச்சது, கழுவினது வரைக்கும் கஸ்டம்ஸ் பட்டியலோட 25ம் அத்தியாயம் ஏத்துக்கும், ஜல்லிய சூடு பண்ணியிருந்தாலும் பிரச்சனை இல்ல, தலைப்புலயே அப்படித்தான் எழுதியிருக்கு. ஆனா சாயம் ஏத்தின சிப்ஸ் அங்க நிக்காது. 6802 தலைப்புலயே செயற்கையா நிறம் ஏத்தின கல் சிப்ஸ், பவுடர்னு பேர் சொல்லி இருக்கு, அது 6802 10. அதனால முதல்ல ஒரு கலர் கல்ல எடுத்து உடைச்சு பாருங்க, உள்ள வரைக்கும் பச்சையா இருந்தா இயற்கை நிறம், உள்ள வெள்ளையா இருந்தா சாயம்.

குன்னூர்_மணல்:
எனக்கும் எம்சாண்ட்ல இதே மாதிரி ஆச்சுங்க. ஒரு கிரஷர்காரர் 2505னு பில் போட்டு அனுப்பிட்டாரு, 2505 இயற்கை மணலுக்கு மட்டும், ஆத்து மணல் கடல் மணல் அந்த மாதிரி, கல்ல மிஷின்ல அரைச்சு எடுத்தது 2517க்கு தான் போகணும். ரெண்டுக்கும் ஜிஎஸ்டி 5% தான், அதனால பணம் போகல, ஆனா பில்ல திருத்தி வாங்கறதுக்குள்ள ரெண்டு மாசம் அலைஞ்சேன். உங்களுக்கு கஸ்டம்ஸ், அதுல 2011ல இருந்தே செல்ஃப் அசெஸ்மென்ட், அதாவது கோடும் வரியும் இறக்குமதி பண்றவரே கணக்கு போட்டு சொல்லணும், கோடு தப்பா இருந்தா புரோக்கர் மேல கை காட்டிட்டு போக முடியாது, இறக்குமதி பண்ணவர் தான் பதில் சொல்லணும்.

கோத்தகிரி_கட்டுமானம்:
சாம்பிள் பாக்கெட் கடைல இருந்துச்சு, சுத்தியல்ல தட்டி பாத்தேன், நீலமும் பச்சையும் ரெண்டுமே உள்ள பால் வெள்ளை, ராத்திரி தண்ணில ஊற வெச்சதுக்கு லேசா நீலமும் எறங்கிருக்கு. இப்ப என்ன பண்றது?

துறைமுக_கணக்கு:
அப்ப சந்தேகமே இல்ல, 6802. சரக்கு இன்னும் வெளிய வரலங்கறதால நல்லதா போச்சு, கஸ்டம்ஸ் சட்டத்துல செக்‌ஷன் 149ல பில் ஆஃப் என்ட்ரிய திருத்த மனு குடுங்க, வெள்ளை ஒரு லைன், கலர் ஒரு லைன்னு எடை பிரிச்சு காட்டுங்க. சப்ளையர்கிட்ட சாயம் போட்டதுன்னு ஒரு கடிதம் இன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க.

கோத்தகிரி_கட்டுமானம்:
சப்ளையருக்கு மெயில் போட்டுட்டேன், புரோக்கர்கிட்டயும் பேசிட்டேன், திங்கக்கிழமை மனு குடுக்கறாராம். ரொம்ப நன்றிங்க.