காலி ட்யூப் வெயிலில் காய்கிறது, இப்போது தண்ணீர் திறக்கலாமா?

மொட்டைமாடி:
வீட்டுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டியாகிவிட்டது. 200 லிட்டர் டேங்க், 20 கண்ணாடி ட்யூப். ஸ்டாண்டை நிறுத்தி ட்யூப் எல்லாம் சொருகிவிட்டு, பிளம்பர் பைப் கொடுத்ததும் வால்வைத் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான் என்று சொல்லி ஆள் போய்விட்டார். பைப் வேலை இன்றுதான் முடிந்தது. இப்போது உச்சி வெயில், ட்யூப் சில நாளாகக் காலியாகவே காய்ந்துகொண்டிருக்கிறது. திறக்கலாமா? டேங்குக்குள் கரண்ட் காயிலும் இருக்கிறது, அதை எப்போது போடுவது?

குழாய்க்காரர்:
திறக்காதீர்கள்! தண்ணீர் இல்லாத ட்யூப் நல்ல வெயிலில் 200 டிகிரியைத் தாண்டிவிடும், அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் உள்கண்ணாடி விரிசல் விட்டுவிடும், ஒன்று போனாலும் டேங்குத் தண்ணீர் அந்த வழியாகவே வடிந்துவிடும். இன்று சாயங்காலம் பழைய போர்வையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிட்டு, நாளை விடிவதற்கு முன் நிரப்புங்கள்.

நிரப்பும்போது வீட்டில் உள்ள வெந்நீர்க் குழாய்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, மேலே வால்வைக் கொஞ்சமாகத் திறக்கவும். முதலில் புஸ் புஸ் என்று காற்று வரும், அப்புறம் விட்டுவிட்டுத் தண்ணீர், கடைசியில் சீராக வரும். வெந்நீர் போகும் வாய் டேங்கின் மேல்பக்கம் இருப்பதால், அங்கே சீராக வந்தால் டேங்க் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் காயில் ஸ்விட்ச் பக்கமே போகாதீர்கள், தண்ணீர் இல்லாமல் போட்டால் கருகிவிடும். எர்த் இணைப்பும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ட்யூபும் டேங்கில் நுழையும் இடத்தில் சிலிக்கான் வாஷர் இருக்கும், அங்கே விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றே சரிசெய்வது நல்லது, விட்டால் டேங்கைச் சுற்றியுள்ள பஃப் (சூட்டைக் காக்கும் நுரை) நனைந்து சூடு நிற்காது. ட்யூபின் அடிமுனையில் வெள்ளி போலப் பளபளப்பு இருக்கும், அது பால் மாதிரி வெளுத்திருந்தால் அந்த ட்யூபில் வெற்றிடம் போய்விட்டது, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

நீலவானம்:
அண்ணன் சொன்னதோடு ஏர் வென்ட் பைப்பையும் பாருங்கள். அதன் வாய், மேலே இருக்கும் பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வழியாக ஊற்றிக்கொண்டே இருக்கும். ஊற்றுகிறதே என்று மூடி போட்டு அடைப்பவர்களும் உண்டு, அது ஆபத்து. காற்றும் ஆவியும் போக இருக்கிற வழியே அதுதான். தொட்டியின் அடிமட்டம் சோலார் டேங்கின் உச்சிக்கு ஒரு அடியாவது மேலே இருந்தால் நல்லது. பிரஷர் பம்பிலிருந்து நேராக இணைத்திருந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள், வென்ட் வைத்த சாதாரண டேங்க் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

பைப் என்ன போட்டிருக்கிறார்? வெந்நீருக்கு சிபிவிசி வேண்டும். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகி வளைந்துவிடும்.

மொட்டைமாடி:
ரொம்ப நன்றி. சொன்னபடி இருட்டோடு நிரப்பிவிட்டேன், ஒரு ட்யூபும் உடையவில்லை, கசிவும் இல்லை. பைப் சிபிவிசிதான், வென்ட் உயரமும் சரி. ஆனால் இரண்டு குறை. மத்தியானம் கீழே குழாயைத் திறந்து திறந்து பார்த்தேன், வெதுவெதுப்புதான். மாடி பாத்ரூமில் வெந்நீர் நூல் மாதிரி வருகிறது, நடுவில் துப்புகிறது. அதே பாத்ரூமில் பச்சைத் தண்ணீர் (பிரஷர் பம்ப் லைன்) பீய்ச்சி அடிக்கிறது.

குழாய்க்காரர்:
முதல் குறை குறையே இல்லை. 200 லிட்டரை 30 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு வேண்டும், அதற்கு ஒரு முழு வெயில் நாள் ஆகும். நீங்கள் திறக்கத் திறக்க அடியில் பச்சைத் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். நாளை பகலில் தொடாமல் விட்டுவிட்டு சாயங்காலம் பாருங்கள்.

மாடி விஷயம் ஏர் லாக். டேங்கிலிருந்து கிளம்பும் வெந்நீர் பைப் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது என்றால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். தண்ணீர் சூடாகும்போது அதிலிருந்தே காற்று பிரிந்து வரும், ஆக இன்று எடுத்தாலும் திரும்பச் சேரும். சுவரில் அடிமட்டத்தில் துளை போட்டு, ஏற்றமே இல்லாமல் இறக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அதுவரை இப்படிச் செய்யலாம்: மாடி மிக்ஸரின் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) வாயை உள்ளங்கையால் இறுக்க மூடி, இரண்டு பக்கமும் சில விநாடி திறங்கள். பம்ப் அழுத்தத்தில் பச்சைத் தண்ணீர் வெந்நீர் பைப்பில் பின்னோக்கி ஏறி, காற்றை டேங்குக்குத் தள்ளி வென்ட் வழியாக வெளியேற்றிவிடும்.

நீலவானம்:
ஆனால் பம்ப் லைனும் சோலார் லைனும் ஒரே மிக்ஸரில் சேர்ந்தால் இதே வேலை நீங்கள் கேட்காமலும் நடக்கும். ஷவர் கைப்பிடியில் மட்டும் நிறுத்திவிட்டு மிக்ஸரைத் திறந்தே விட்டால் ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீர் சோலார் டேங்குக்குள் ஏறும், வென்ட் வழியாகக் கொட்டும், காலையில் வெந்நீர் இருக்காது. சோலாரைக் குறை சொல்லுவோம்! மிக்ஸருக்கு வரும் வெந்நீர் பைப்பில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுப்பது) போடலாம், ஆனால் மாடியில் ஏற்கனவே ஓட்டம் குறைவு, அது இன்னும் குறையும். அந்த பாத்ரூமின் பச்சைத் தண்ணீரையும் பம்பை விட்டு மேல்தொட்டியிலிருந்தே எடுப்பதுதான் என் கட்சி.

இன்னொன்று, வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று பழக்குங்கள். கோடையில் டேங்க் 80 டிகிரி வரை போகலாம், 60 டிகிரியே சில விநாடியில் தோலைச் சுட்டுவிடும்.

மொட்டைமாடி:
சுவர் மேல்தான் ஏறி இறங்குகிறது, நீங்கள் பார்த்த மாதிரியே சொல்கிறீர்கள். உள்ளங்கை வைத்தியம் செய்தேன், வென்ட் குடகுடவென்று சத்தம் போட்டது, இப்போது மாடியில் விரல் கனத்துக்கு வருகிறது. துளை போட பிளம்பரை வரச் சொல்லிவிட்டேன். எங்களுடையது உப்புத் தண்ணீர், ட்யூபுக்குள் படியுமா?

குழாய்க்காரர்:
கட்டாயம் படியும். கடினநீர் சூடானால் சுண்ணாம்பு பிரிந்து ட்யூபின் அடியில் இறங்கும். அவ்வப்போது, இதுவும் அதிகாலையில்தான், டேங்கை வடித்து ஓரத்து ட்யூப் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைத் தூள் கைப்பிடி அளவு இருந்தால் எல்லாவற்றையும் கழுவ வேண்டிய நேரம். டேங்க் அரிக்காமல் இருக்க உள்ளே மெக்னீசியம் ராடு வைத்திருந்தால் அதையும் அப்போதே பாருங்கள், கரைந்து மெலிந்திருந்தால் புதிது போடவும்.