‘ஷைன்’ நாவலில் வில்லன் கம்பெனி மட்டும்தானா?

மாடிப்படி:
நேற்று ராத்திரி ‘ஷைன்’ முடித்தேன். தெரியாதவர்களுக்கு: கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற கொரிய பாப் பெண்கள் குழுவில் 2007 முதல் 2014 வரை இருந்த ஜெசிகா ஜங் 2020இல் எழுதிய இளையோர் காதல் நாவல். நாயகி ரேச்சல் கிம், 17 வயது, கொரிய அமெரிக்கப் பெண். சியோலில் டிபி என்டர்டெயின்மென்ட் என்ற கற்பனை இசைக் கம்பெனியில் ஆறு வருடமாக ட்ரெய்னி, அதாவது மேடை ஏறும் முன் பயிற்சி எடுப்பவள். அங்கே காதலிக்கக் கூடாது என்பது விதி. கம்பெனியின் செல்லப்பிள்ளையான பாடகன் ஜேசன் லீ மேல் அவளுக்குக் காதல் வருகிறது. மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்து ஓடுகிறது, அதில் குறை இல்லை. ஆனால் காதலுக்குக் குறுக்கே நிற்பது யார் என்றால் கம்பெனி, மேனேஜர், பொறாமை பிடித்த சக ட்ரெய்னி, அவ்வளவுதான். அந்த விதி யாருக்காகப் போடப்பட்டதோ அந்த ரசிகை, அதாவது நான், கதையில் ஓரமாக நின்று கைதட்டிவிட்டுப் போகிறேன். படித்து முடித்ததும் எனக்குத் துளிக் குற்ற உணர்வு வரவில்லை. அதுதான் என் புகார்.

நள்ளிரவு நூடுல்ஸ்:
காதல் கதை என்று வாங்கிவிட்டு உள்ளே தணிக்கை அறிக்கை இல்லையே என்கிறீர்கள் அக்கா. பதினாறு வயதுப் பெண் படிக்கிற புத்தகம் இது. விதி பையனுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் வளைகிறது என்று அவளுக்குப் புரிந்தால் போதாதா? அதுவும் உள்ளே இருந்து வந்த ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரை மாற்றிக் கதையாக்கியதால்தான் இவ்வளவாவது எழுத முடிந்தது என்பது என் ஊகம்.

ரயில்பூச்சி:
பிடிஎஃப் இருந்தால் யாராவது அனுப்பவும்.

மாடிப்படி:
@ரயில்பூச்சி காசு கொடுத்து வாங்குங்கள் தம்பி.

@நூடுல்ஸ் சரி, கதையை விடுங்கள், நடந்ததைப் பார்ப்போம். 2024 பிப்ரவரி கடைசியில் ஈஸ்பா என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் கரீனாவும் நடிகர் லீ ஜே வூக்கும் பழகுகிறார்கள் என்று செய்தி வந்தது. அவளுடைய கம்பெனி மறைக்கவில்லை, இப்போதுதான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டது. அப்புறம் என்ன நடந்தது? கம்பெனி வாசலில் எல்இடி திரை கட்டிய ட்ரக் வந்து நின்றது. ரசிகர்கள் கொடுத்த அன்பு போதவில்லையா, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் ஆல்பம் விற்காது, கச்சேரியில் நாற்காலி காலியாகக் கிடக்கும் என்று அதில் வரி வரியாக ஓடியது. மார்ச் 5ஆம் தேதி அந்தப் பெண் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டாள். ஏப்ரல் தொடக்கத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று அறிவிப்பு. அந்த ட்ரக்கை எந்த மேனேஜர் அனுப்பினார்?

பழைய பேப்பர்:
ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். 2018 ஆகஸ்டில் பாடகி ஹியூனாவும் பென்டகன் குழுவின் பாடகர் ஈடானும் காதலிக்கிறார்கள் என்று பேச்சு வந்தபோது அவர்களுடைய கம்பெனி இல்லை என்றது. மறுநாளே இரண்டு பேரும், ஆமாம், இரண்டு வருடமாகக் காதலிக்கிறோம் என்று தாங்களே சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில், நம்பிக்கை போய்விட்டது, இருவரையும் வெளியேற்றுகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. உண்மை பேசியதற்குத் தண்டனை. இதற்கு மேல் என்ன வில்லத்தனம் வேண்டும்?

ரசிகர்கள் எல்லாரையும் ட்ரக்கில் ஏற்றுவதும் நியாயமில்லை. 2009இல் டிவிஎக்ஸ்க்யூ பாட்டுக் குழுவின் மூன்று பேர் கம்பெனியோடு போட்ட 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனபோது, லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி மனித உரிமை ஆணையத்துக்குக் கொண்டுபோனது ரசிகர்கள்தான். அதே வருடம்தான் கொரியாவில் கலைஞர்களை ஏழு வருடத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்று மாதிரி ஒப்பந்தமும் வந்தது.

நள்ளிரவு நூடுல்ஸ்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நன்றி அண்ணா.

மாடிப்படி:
ஒப்பந்தம் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தத்துக்காகக் கையெழுத்துப் போடுகிற அதே கை, கல்யாணம் என்றால் வேறு மாதிரி நீள்கிறது. 2020 ஜனவரியில் எக்ஸோ குழுவின் சென் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் எழுதினார். சில நாளில் ஒரு ரசிகர் கூட்டம், குழுவை விட்டுப் போ என்று சியோலில் கூடிப் போராடியது. கம்பெனி அவரை அனுப்பவில்லை.

காரணம் எளிது. ஃபேன்சைனுக்கு, அதாவது ரசிகர்களை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சிக்கு, போக ஆல்பம் வாங்க வேண்டும், ஒவ்வொரு ஆல்பமும் குலுக்கலில் ஒரு சீட்டு, அதனால் ஒரே ஆல்பத்தை ஐம்பது, நூறு என்று வாங்குகிறார்கள். எதற்கு? மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் உங்கள் கண்ணைப் பார்த்து, பெயர் என்ன, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு. அந்தக் கொஞ்ச நேரம் நமக்கே நமக்கு என்று நம்பினால்தான் நூறு ஆல்பம் விற்கும். காதலிக்காதே என்ற விதியின் விலை அங்கேதான் ஒட்டியிருக்கிறது.

நான் அவ்வளவு தூரம் போனவள் இல்லை. ஒரே ஆல்பத்தை மூன்று தடவை வாங்கியிருக்கிறேன், உள்ளே யாராவது ஒருவர் படத்தோடு வரும் ஃபோட்டோகார்டுக்காக. மூன்றாவதில்தான் என் பயஸ், அதாவது குழுவில் எனக்கு ரொம்பப் பிடித்தவன், வந்தான், ஃபோன் கவருக்குள் வைத்துக்கொண்டேன். அவன் யாரையோ காதலிக்கிறான் என்று செய்தி வந்த அன்று நான் யாரையும் திட்டவில்லை, எங்கும் எதுவும் எழுதவில்லை, தோழிகளிடம் நல்லா இருக்கட்டும் என்றுகூடச் சொன்னேன். ராத்திரி கவரைக் கழற்றி கார்டை எடுத்து டிராயரில் போட்டேன். மஞ்சளாகிப்போன கவரில் கார்டு இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த டிராயர் எந்த நாவலிலும் வரமாட்டேன் என்கிறது.

நள்ளிரவு நூடுல்ஸ்:
டிராயரில் போடுவதும் ட்ரக் அனுப்புவதும் ஒன்றா அக்கா? மனசு வலித்தால் படத்தை எடுத்து வைப்பது மனித இயல்பு. இதற்கெல்லாம் குற்ற உணர்வு கொடுக்கிற நாவலை நான் வாங்கவே மாட்டேன், ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஜேசன் லீ போதும்.

மாடிப்படி:
ஒன்று இல்லை. ஆனால் அன்றைக்கு அப்புறம் நான் ஒரு ஆல்பம்கூட வாங்கவில்லை. ட்ரக்கில் ஓடிய மிரட்டலும் அதுதானே, ஆல்பம் விற்காது என்று? நான் சத்தம் போடாமல் செய்தேன்.

பழைய பேப்பர்:
இது கொஞ்சம் உறைக்கிறது. ஆனாலும் கம்பெனி பற்றிச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ‘பிரைட்’ என்று இரண்டாம் பாகம் 2022இல் வந்திருக்கிறது, நீங்கள் கேட்பது அதில் இருக்கிறதா என்று பாருங்களேன்.

ரயில்பூச்சி:
அந்த கார்டு இன்னும் டிராயரில்தான் இருக்கிறதா?

மாடிப்படி:
இல்லை, ‘ஷைன்’ படிக்கும்போது பக்க அடையாளத்துக்கு எடுத்தேன். உங்களுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். கார்டு தரமாட்டேன்.