எஸ்எஸ்டிஐ நிறுத்தக் கடிதம்: மேல்முறையீடு வரை பணம் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் அண்ணன் வாங்கும் எஸ்எஸ்டிஐ (உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் காப்பீட்டுத் தொகை) பணத்தை, உடல்நிலை தேறிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். மேல்முறையீடு முடியும்வரை பணம் வருமா? தோற்றால் திருப்பிக் கட்டணுமா?

பதில் 1: முதல்ல கடிதத்தின் தேதியைப் பாருங்க. மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. ஆனால் பணம் தொடர்ந்து வர, கடிதம் கைக்கு வந்த 10 நாளுக்குள் எழுதிக் கேட்கணும். தபாலுக்கு 5 நாள் கூடுதல். பலர் 60-ஐ மட்டும் பார்த்து இதைக் கோட்டைவிடுறாங்க. மேல்முறையீட்டுப் படிவம் எஸ்எஸ்ஏ-789 (எஸ்எஸ்ஏ என்பது இந்தப் பணத்தைத் தரும் அரசுத் துறை). கொடுத்ததற்கு அங்கே முத்திரையிட்ட நகல் வாங்கிடுங்க.

பதில் 2: தோற்றால் இடையில் வாங்கியதைக் கேட்பாங்க. பயந்து மேல்முறையீட்டை விட்டுடாதீங்க. எஸ்எஸ்ஏ-632 படிவம் கொடுத்து, திருப்பிக் கட்டுவதிலிருந்து தள்ளுபடி கேட்கலாம்: தவறு அவர்மீது இல்லை, கட்டினால் சாப்பாடு, வாடகைக்கே முட்டும் என்று காட்டணும். வாடகை, மருந்து ரசீதுகளை இணைங்க. கேட்கக் கெடு இல்லை. ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம் வந்த 30 நாளுக்குள் கொடுத்தால், முடிவு வரும்வரை வசூல் தொடங்காது.

பதில் 3: டாக்டர் சான்றுகளைத் தராமல் இழுத்தடித்தால், மேல்முறையீடு நேர்மையானதல்ல என்று தள்ளுபடியை மறுக்கலாம். கவனம்.